கருக்கலிலும் காட்டித் தரும் பைனாகுலர்: குறைந்த பட்ஜெட்டில் எதை வாங்கலாம்?

கேள்வி: மான் வேட்டைக்காக முதன்முறையாக பைனாகுலர் வாங்கப் போகிறேன். கையில் இருப்பது கொஞ்சம் பணம்தான். ஏறக்குறைய ஒரே விலைக்கு 20×50, 10–30 ஜூம், 8×42 என்று மூன்றைக் காட்டுகிறார்கள். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். எதை எடுப்பது?

பதில்: 8×42-ஐ எடுங்கள். மற்ற இரண்டையும் மறந்துவிடலாம்.

மான்கள் அதிகம் நடமாடுவது விடியலை ஒட்டியும் அந்தி சாயும்போதும்தான். அந்த அரை வெளிச்சத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் பைனாகுலருக்கு உண்மையான சோதனை. மேலே அச்சிட்ட முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ., 20×50-க்கு 2.5 மி.மீ. நல்ல பகலில் நம் கண்மணியே 2, 3 மி.மீ. அளவுக்குத்தான் திறந்திருக்கும். அதனால் கடை வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பளிச்சென்றுதான் இருக்கும். கருக்கலில் கண்மணி 5, 6 மி.மீ. வரை விரியும்போது 20×50 மங்கிவிடும்.

கை நடுக்கமும் அதே 20 மடங்கு பெரிதாகும். மேடேறி மூச்சு வாங்க நிற்கும்போது 10 மடங்கையே அசையாமல் பிடிப்பது கஷ்டம். 20-க்கு முக்காலித் தாங்கி (டிரைபாட்) இல்லாமல் முடியாது. பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். புதருக்குள் ஒரு காது அசைந்ததைப் பார்த்துவிட்டு பைனாகுலரைத் தூக்கினால், காதை விடுங்கள், அந்தப் புதரையே தேட வேண்டியிருக்கும். ஜூம் வகையில் இரண்டு குழல்களும் இம்மி பிசகாமல் ஒன்றாக மாற வேண்டும். மலிவு விலையில் அது அமைவது அபூர்வம். சிவப்பாக மின்னும் லென்ஸும் வேண்டாம். திருப்பி அனுப்பும் அந்தச் சிவப்பு ஒளி உங்கள் கண்ணுக்கு வர வேண்டியது.

பணம் குறைவாக இருக்கும்போது அது போய்ச் சேர வேண்டிய இடம் லென்ஸின் மேல்பூச்சு. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். பைனாகுலருக்குள் அப்படிப் பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போச்சு. பெட்டியில் 'ஃபுல்லி மல்டி கோட்டட்' என்று இருந்தால், எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது என்று பொருள். வெறும் 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் மட்டும்கூட இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் விளக்கடியில் முன் லென்ஸுக்குள் பாருங்கள். விளக்கின் பிம்பங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கித் தெரிந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று ஒன்று தெரிந்தால் அந்தப் பரப்பில் பூச்சில்லை.

அடுத்தது பிரிசம், அதாவது தலைகீழாக விழும் பிம்பத்தை நேராக்கித் தரும் உள் கண்ணாடிக் கட்டி. நேர்குழலாக ஒல்லியாக இருப்பது ரூஃப் வகை. தோள்பட்டை விரிந்தது போல இருப்பது போரோ. ரூஃப் வகையை நன்றாகச் செய்யச் செலவு அதிகம், அதனால் மலிவு விலையில் போரோ பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். பருமன்தான் அதன் குறை, மழை தாங்காதவையும் அதில் அதிகம். போரோவைக் கையை நீட்டிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி (சூரியன் பக்கம் ஒருபோதும் வேண்டாம்), கண் வைக்கும் லென்ஸைப் பாருங்கள். சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் மிதக்கும். முழு வட்டமாக இருந்தால் உள்ளே பேக்-4 என்ற நல்ல கண்ணாடியில் செய்த பிரிசம். ஓரங்கள் சாம்பல் பூத்து சாய்சதுரம் போலத் தெரிந்தால் சுமாரான பிகே-7.

நீங்கள் கண்ணாடி போடுவதால் 'ஐ ரிலீஃப்', அதாவது கண்ணை லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தும் முழுக் காட்சியும் தெரியும் என்ற தூரம், 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 17, 18 இருந்தால் நிம்மதி. கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்து வாங்குங்கள். காட்சி வட்டம் முழுதாகத் தெரியாவிட்டால் அது உங்களுக்கானதல்ல.

நீர் புகாததாகவும் நைட்ரஜன் நிரப்பியதாகவும் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். குளிர்ந்த அதிகாலையில் லென்ஸின் உட்புறம் ஆவி படிந்துவிட்டால் துடைக்க வழியே இல்லை. எனக்கு ஒருமுறை அப்படி ஒரு காலைப்பொழுது முழுக்க வீணானது. ஓரங்களில் நிறம் பிரிவதைக் குறைக்கும் இ.டி. கண்ணாடி, வேறு கூடுதல் வசதிகள் எல்லாம் இந்த பட்ஜெட்டில் தேவையில்லை.

துப்பாக்கியில் ஸ்கோப் இருக்கிறதே, பைனாகுலர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ஸ்கோப் பார்க்கும் இடத்தைத்தான் துப்பாக்கி முனையும் பார்க்கிறது. அங்கே அசைவது இன்னொரு மனிதராக இருக்கலாம். இன்னதென்று உறுதியாகும் வரை பைனாகுலர் மட்டும்தான்.

வாங்கும் முன் இரண்டு நிமிடம் விடாமல் பாருங்கள். தலை கனத்தாலோ கண் இழுத்தாலோ இரண்டு குழல்களும் நேராக இல்லை, வேறொன்றைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை: வலது முன் லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, வலது ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸில்) உள்ள வளையத்தைத் திருப்பி, அதே பொருளை வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். வளையம் நின்ற இடத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டால், இருட்டோடு கிளம்பும் நாளில் அது நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.