கடன் முடிந்த காரை ஏன் விற்க வேண்டும்?

கேள்வி: 2013-ல் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். கடன் 2018-லேயே முடிந்துவிட்டது. இப்போது கிளட்ச், சஸ்பென்ஷன் வேலைக்கு 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். மகளுக்கு வரன் பார்க்கிறோம். “இந்தக் காரில் போய் இறங்கினால் யார் மதிப்பார்கள்?” என்று மைத்துனர் நச்சரிக்கிறார். சம்பளம் 55,000. 8 லட்சம் கடன் போட்டுப் புதுக் கார் எடுக்கலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம் ஐயா. 8 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் 7 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 13,000 ரூபாயைத் தாண்டும். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 3 லட்சம். மெக்கானிக் கேட்கும் 40,000 உங்களுக்கு மலைப்பாகத் தெரிகிறது. அது மூன்று மாதத் தவணைதான். கல்யாணத்துக்கு நகை, மண்டபம், சாப்பாடு என்று பணம் புரட்ட வேண்டிய நேரத்தில் சம்பளத்தில் கால் பங்கை காருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்ன செய்வீர்கள்?

வாசலில் நிற்கிற காரைப் பார்த்துப் பெண் எடுக்க வருகிறவர்கள் நாளைக்கு வேறு எதையெல்லாம் பார்ப்பார்கள் என்று யோசியுங்கள். அப்படியொரு சம்பந்தம் தட்டிப்போனால் உங்கள் மகளுக்கு நல்லதுதான்.

வேலையைச் செய்யக் கொடுக்கும் முன் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டுப் பாருங்கள். டயரையும் விட்டுவிடாதீர்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ன் 23-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றிவிடுங்கள். பிரேக் விஷயத்தில் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க வேண்டாம். அடிப்பாகத்தில் சேஸிஸ் வரை துரு ஏறியிருந்தாலோ, ஏர்பேக் இல்லாத மாடலாக இருந்து நீங்கள் அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவராக இருந்தாலோ, காரை மாற்றுவது நியாயம். அப்போதும் கைக்காசுக்கு அடங்குகிற செகண்ட் ஹேண்ட் கார் போதும்.

15 வருடம் ஆனால் காரை உடைத்துவிடுவார்கள் என்று யாராவது பயமுறுத்துவார்கள். டெல்லி வட்டாரத்துக் கெடுபிடி தமிழ்நாட்டில் இல்லை. 2028-ல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி, பசுமை வரியும் கட்டணமும் செலுத்தினால் ஆர்.சி.யை, அதாவது பதிவுச் சான்றை, 5 வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். கடன் முடிந்த பிறகு ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கினீர்களா? பலர் கடன் பாக்கி இல்லை என்று வங்கி தரும் என்.ஓ.சி.யை வாங்கி பீரோவில் வைத்து மறந்துவிடுகிறார்கள். கார் விபத்தில் முழுதாக நொறுங்கினால், இன்ஷூரன்ஸ் பணத்தில் முதல் உரிமை ஆர்.சி.யில் பெயர் உள்ள வங்கிக்குத்தான். கடன் தீர்ந்ததை நிரூபிக்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். பழைய என்.ஓ.சி. காலாவதியாகியிருக்கும். வங்கியில் புதிதாக ஒன்றும், வங்கியின் பெயரை நீக்குவதற்கான, கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ.வில் விண்ணப்பியுங்கள். காரை மெக்கானிக்கிடம் விட்டிருக்கும் நாட்களிலேயே இதையும் முடித்துவிடலாம்.