எஞ்சின் கடைசியில்தான் வர வேண்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய மாருதி ஜென்னைப் பற்றித்தான். எனக்கு அதில் சந்தோஷமே. 1993ல் அந்த வண்டி வந்தபோது நான் கோவையில் லேத் பட்டறையில் வேலைக்கு இருந்தேன். முதலாளியின் ஜென்னை மருதமலை அடிவாரம் வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்ததிலிருந்து இன்று வரை அந்தப் பைத்தியம் விடவில்லை. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஐயா, நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். 1997 மாடல் ஜென், கார்புரேட்டர் வண்டி, நாற்பதாயிரத்துக்கு முடித்தேன். பழைய இரும்புக் கடையில் மாருதி எஸ்டீம் காரின் எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்ஷன் முறையில் பெட்ரோல் பீச்சும்) எஞ்சின் நல்ல நிலையில் கிடைக்கிறது. வீட்டு ஷெட்டிலேயே மாற்றிவிடலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

தம்பி, வேலையாகக் கேட்டால் முடியும். நானும் என் தம்பியும் செய்திருக்கிறோம். ஆனால் அந்த வண்டியை ரோட்டில் ஓட்டலாமா என்பது வேறு கேள்வி, அதை முதலில் பேசிவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 993 சிசி வண்டியில் 1298 சிசி எஞ்சின் உட்கார்ந்தால் ஆர்.சி. ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று சொல்லும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம். எதிரே வந்தவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? ஆகவே எஸ்டீம் எஞ்சின் வைத்த ஜென் என்பது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற டிராக்குக்கு மட்டும். அங்கேயும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

ஆசை ஏன் வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. 1976ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. கார் 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. சின்ன உடம்பு, பெரிய நெஞ்சு என்ற கணக்கு அதுதான். ஜென் 800 கிலோவுக்கும் கீழே. அதில் இருக்கும் 50 குதிரைத்திறனை எடுத்துவிட்டு எஸ்டீமின் 85ஐ வைத்தால் இரண்டாம் கியரில் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்ளும். பந்தய ஓட்டுநர் கரிவரதன் மாருதி 800ன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டிய ஊர்க்காரன் நான், இந்த ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன்.

இரண்டும் சுசுகியின் ஒரே ஜி குடும்பத்து எஞ்சின்கள். ஜென்னின் போர் (சிலிண்டரின் விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 61. எஸ்டீமுக்கு போர் 74, ஸ்ட்ரோக் 75.5. ஸ்ட்ரோக் மட்டும் 14.5 மி.மீ. கூடுகிறது, சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் பிளாக்கும் அதற்கேற்ற உயரம். இதை மறந்துவிட்டுப் பானெட்டை அழுத்தி மூடினால் உள்ளிருந்து குத்தி மேலே கொப்புளம் போலத் தெரியும். நான் செய்தது இதுதான்: பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, எஞ்சின் தலையில் ஐந்தாறு இடத்தில் வைத்து, பானெட்டை மெதுவாக மூடித் திறந்தேன். நசுங்கிய உருண்டையைக் கத்தியால் பாதியாக வெட்டி ஸ்கேலில் அளந்தால் எங்கே எத்தனை மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று அப்படியே தெரிந்துவிடும். ஓடும்போது எஞ்சின் ரப்பர் மவுன்டில் ஆடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஒரு விரல் கனமாவது வேண்டும். ஃபிளைவீல், கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் தரையில் வைத்தே பூட்டிப் பாருங்கள். செயின் பிளாக்கில் (சங்கிலிக் கப்பியில்) தொங்கும்போது பொருந்தவில்லை என்று கண்டுபிடிப்பது ஆபத்து.

பெட்ரோல் வழியில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கார்புரேட்டருக்கு பம்ப் தரும் அழுத்தம் கால் பார் அளவுதான். இன்ஜெக்ஷனுக்கு அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். பழைய ரப்பர் ஹோஸை அப்படியே விட்டால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீச்சும். இன்ஜெக்ஷனுக்கென்று விற்கும் ஹோஸ், அதற்குரிய கிளிப், டேங்குக்குள் எலக்ட்ரிக் பம்ப், திரும்பி வரும் ரிட்டர்ன் லைன் எல்லாமே புதிதாக வேண்டும். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர் இல்லாமல் சாவியைத் திருப்பாதீர்கள்.

இன்னொன்று. எங்கள் வண்டியில் எல்லாம் பூட்டி முடித்து, ராத்திரி பதினொரு மணிக்கு முதல் தடவை ஸ்டார்ட் செய்தோம். ஸ்டார்ட்டர் இரண்டு சுற்று சோம்பலாகச் சுற்றியது, கிளட்ச் கேபிளிலிருந்து புகை. கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை நான் மாட்டவில்லை. ஸ்டார்ட்டர் இழுக்கும் மொத்தக் கரண்டும் வேறு வழியில்லாமல் அந்தக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் உறை உருகிக் கம்பியோடு ஒட்டிவிட்டது. எர்த் பட்டையை முதல் நாளே மாட்டி, அது உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வையுங்கள்.

எங்கள் ஊர் உப்புக் காற்றில் நின்ற ஜென். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. எஞ்சின் வேலையை முதலில் தொடங்கலாமா? (வாசகர், தூத்துக்குடி)

வேண்டாம். பளபளப்பை நம்பாதீர்கள். தரை விரிப்பைத் தூக்கி, டிரைவர் கால் வைக்கும் தரையை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். டணார் என்று சத்தம் வந்தால் இரும்பு, மொத்தென்று இறங்கினால் அது துரு. அப்புறம் பேட்டரி தட்டுக்கு அடியில், பின் சக்கர வளைவின் உள்பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, முன் ஸ்ட்ரட் (முன் சக்கர ஷாக் அப்சார்பர் தூண்) மேலே போல்ட் உட்காரும் இடம். கடைசியாகச் சொன்ன இடத்தில் ஓட்டை என்றால் வண்டியின் எலும்பே போனது போல, தகடு வெட்டி வெல்டிங் செய்யாமல் நகரக் கூடாது. துணி சுற்றிய காந்தத்தைப் பாடி முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பட்டி தடவியிருக்கிறார்கள்.

வேலையின் வரிசை இதுதான்: முதலில் தகடு, பிறகு பிரேக், சஸ்பென்ஷன் புஷ் (ரப்பர் உறை), ஸ்டீயரிங். எஞ்சின் கடைசி. இருபது வருட வண்டியில் பிரேக் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும். பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுத்த பின்னும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் அதுதான் காரணம் என்று சந்தேகப்படுங்கள். நிற்கத் தெரியாத வண்டிக்கு 85 குதிரைத்திறன் எதற்கு?

என் அப்பா 1998ல் வாங்கிய ஜென். அவர் இப்போது இல்லை. நீலப் புகை வருகிறது. எஞ்சின் போய்விட்டது, வேறு பெரிய எஞ்சின் மாற்றிவிடுங்கள் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். விற்க மனம் இல்லை. (வாசகி, ஈரோடு)

அம்மணி, அவசரப்படாதீர்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். எப்போது வருகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது வந்தால், பெரும்பாலும் வால்வு சீல். சின்ன ரப்பர் வளையம், விலையும் பெரிதில்லை. மேடு ஏறும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போய் நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லி, நீங்களே நின்று எழுதிக்கொள்ளுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். முள் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் "எஞ்சின் போச்சு" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

ரிங் தேய்ந்திருந்தாலும் போர் போட்டு (சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து), ஓவர்சைஸ் பிஸ்டன் வைத்து அதே எஞ்சினை எழுப்பலாம். எஞ்சின் எண் மாறாது, ஆர்.சி.யில் கை வைக்க வேண்டியதில்லை. அதே ரக வேறு எஞ்சின் வைத்தாலும்கூட எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், ஞாபகமிருக்கட்டும். உங்கள் அப்பா கேட்ட அதே சத்தம் திரும்ப வர வேண்டும் என்றால் இதுதான் வழி. கேஜ் அளவுகளை எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

எஞ்சினை இறக்க எத்தனை பேர் வேண்டும்? (வாசகர், கரூர்)

மூன்று பேர். ஒருவர் செயின் பிளாக், ஒருவர் எஞ்சினை ஆடாமல் பிடிக்க, ஒருவர் வயரும் கேபிளும் மாட்டிக்கொள்ளாமல் பார்க்க. அலுமினிய பிளாக்தானே என்று கையால் தூக்கப் போகாதீர்கள். ஷெட் உத்தரம் ஓடு தாங்கப் போட்டது, எஞ்சின் தாங்க அல்ல. வாடகைக்கு எஞ்சின் கிரேன் கிடைக்கிறது. தொங்கும் எஞ்சினுக்கு அடியில் யாருடைய கையும் காலும் போகக் கூடாது, கீழே விழுந்த ஒரு நட்டை எடுக்கக்கூட.