தாயாரின் அரச கொடுப்பனவை மகள் நிர்வகிக்கலாமா?

கேள்வி: பிரித்தானியாவில் என்னுடன் வசிக்கும் என் தாயாருக்கு 81 வயது. அரச ஓய்வூதியம், பென்சன் கிறெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான உதவித்தொகை), அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (இயலாமையால் பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கான கொடுப்பனவு) ஆகிய மூன்றும் அவருடைய வங்கிக் கணக்கில் வந்து சேர்கின்றன. மறதி நோய் முற்றிவிட்டதால் கடிதங்களைப் புரிந்துகொள்ளவோ வங்கிக்குச் செல்லவோ அவரால் இப்போது முடிவதில்லை. அவருடைய வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வைத்து நானே பணம் எடுத்துச் செலவு செய்கிறேன். அண்மையில் ஒரு விபரம் கேட்பதற்காகக் கொடுப்பனவு வழங்கும் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, மகள் என்று சொல்லியும் என்னுடன் பேச மறுத்துவிட்டார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அவர்கள் மறுத்தது உங்களை அவமதிப்பதற்காக அன்று. பெற்ற பிள்ளை என்பதால் மட்டும் ஒருவருடைய கொடுப்பனவைக் கையாளும் உரிமை பிரித்தானியச் சட்டத்தில் எவருக்கும் கிடைப்பதில்லை. உங்களுடன் பேச மறுக்கும் அதே விதிதான், உங்கள் தாயாரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு யாரும் அவருடைய பணத்தைத் தொட முடியாமல் காக்கிறது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களத்தின் முறைப்படியான ஒப்புதலைப் பெற்று, தாயாரின் 'அப்பொயின்டி' ஆக, அதாவது அவர் சார்பில் அரச கொடுப்பனவுகளைக் கையாள்பவராக, நியமனம் பெறுவதுதான். மன ஆற்றல் குறைவாலோ கடுமையான உடற்குறைபாட்டாலோ தம் காரியங்களைத் தாமே நடத்த இயலாதவர்களுக்காகவே இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒருவருக்கு ஒரே ஒரு அப்பொயின்டிதான் இருக்க முடியும் என்பதால், உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் இப்பொறுப்பை யார் ஏற்பது என்பதை முன்கூட்டியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பனவை வழங்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தால், திணைக்களத்தின் அலுவலர் உங்கள் தாயாரைச் சந்தித்து, அவருக்கு உண்மையிலேயே இந்த உதவி தேவைதானா என்று பார்ப்பார். இப்பொறுப்புக்கு நீங்கள் பொருத்தமானவரா என்பதை அறிய உங்களிடமும் கேள்விகள் கேட்டு, விண்ணப்பப் படிவத்தை நிரப்பச் செய்வார். அதன் பின்னர் எழுத்து மூலமான உறுதிப்பாடு உங்கள் கைக்கு வரும் வரையில் நீங்கள் அப்பொயின்டி அல்லர். இந்தச் சந்திப்புக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்னரே கேட்டுவிடும்படி வற்புறுத்திச் சொல்கிறேன். ஆங்கிலம் தெரியாமல் மௌனமாக இருக்கும் ஒரு முதியவரை விளக்கம் இழந்தவர் என்று தவறாகக் கணிப்பது எவ்வளவு எளிதோ, பிள்ளையே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடும் வீட்டில் அவருடைய உண்மையான நிலையும் விருப்பமும் தெரியாமற் போவதும் அவ்வளவு எளிது. உங்கள் தாயாரிடம் இன்னும் சிறிதளவு தெளிவு எஞ்சியிருந்தால், அவருடைய சொல் அவருடைய மொழியிலேயே கேட்கப்பட வேண்டும்.

நியமனம் கிடைத்ததும் பணம் நேரடியாக உங்களிடம் வரும். ஆனாலும் அது உங்கள் பணம் ஆகிவிடாது. அவருடைய நலனுக்காகச் செலவிடும் கடமை மட்டுமே உங்களுக்கு உண்டு. அந்தப் பணம் வந்து சேர்வதற்கென்று தனியாக ஒரு கணக்கைத் திறந்து, உங்கள் சம்பளத்தோடு கலக்காமல் வைத்திருப்பது நல்லது. வீட்டு வாடகை, உணவு, மின்சாரம் ஆகியவற்றில் தாயாருக்குரிய நியாயமான பங்கை அதிலிருந்து எடுக்கலாம். அவருக்கான உடை, பராமரிப்பு, அவர் விரும்பிச் செல்லும் கோவிலுக்கான பயணம் எல்லாமே அவருடைய நலனில் அடங்கும். ஆனால் உங்கள் உழைப்புக்கான ஊதியமாக அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு 35 மணித்தியாலமாவது அவரைப் பராமரிக்கிறீர்கள் என்றால், கெயரேர்ஸ் அலவன்ஸ் என்னும் கொடுப்பனவுக்கு உங்கள் பெயரில் தனியாக விண்ணப்பிக்க முடியுமா என்று பாருங்கள். அதற்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல்: தாயாரோ தந்தையோ தனியாக வசித்து, கடுமையான இயலாமைக்காகப் பென்சன் கிறெடிட்டுடன் மேலதிகத் தொகையும் பெற்றுவந்தால், பிள்ளை கெயரேர்ஸ் அலவன்ஸ் பெறத் தொடங்கும்போது அந்த மேலதிகத் தொகை நின்றுபோகக்கூடும். இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

பெரும்பாலான குடும்பங்கள் இடறி விழுவது மாற்றங்களை அறிவிக்கும் கடமையில்தான், ஆகையால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தாயார் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும். அரச வைத்தியசாலையில் 28 நாட்களுக்கு மேல் தங்கினால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் நிறுத்தப்படும், அரச ஓய்வூதியமோ தொடர்ந்து வரும். பராமரிப்பு இல்லத்துக்குச் சென்றாலும், அவருடைய சேமிப்பில் பெரிய மாற்றம் ஏற்பட்டாலும் அறிவிக்க வேண்டும். ஊருக்குப் போய் உறவினர்களோடு சில மாதங்கள் இருந்துவிட்டு வரும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. பென்சன் கிறெடிட் பொதுவாக நான்கு வாரங்கள் வரையிலான தற்காலிக வெளிநாட்டுப் பயணத்துக்கே தொடரும். நெருங்கிய உறவினரின் மரணம், மருத்துவச் சிகிச்சை போன்ற காரணங்களுக்கு மட்டுமே இது நீடிக்கப்படும். அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு இந்த எல்லை பொதுவாக 13 வாரங்கள். இவற்றை அறிவிக்காமல் விட்டதால் அதிகப்படியான பணம் வந்து சேர்ந்திருந்தால், அதைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு சூழ்நிலையைப் பொறுத்து உங்கள் மீதே சுமத்தப்படலாம். தாயாருக்குத் தெரியாது, நானும் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

வங்கி அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரகசிய எண்ணைப் பிறருக்குச் சொல்வது வங்கிகளின் நிபந்தனைகளுக்கு மாறானது. அந்தக் கணக்கிலிருந்து பணம் களவுபோனால் அதை மீட்டுத் தர வங்கி மறுக்க இடமுண்டு. அப்பொயின்டி நியமனமும் அரச கொடுப்பனவுகளுக்கு மட்டுமே செல்லும். தாயாரின் பழைய சேமிப்பையோ வீட்டையோ அது உங்களிடம் ஒப்படைக்காது. மறதி நோய் முற்றிவிட்டதால், தம் சொத்தையும் பணத்தையும் கையாளும் உரிமையைப் பிறருக்கு வழங்கும் அதிகாரப் பத்திரத்தில் கையொப்பமிடும் நிலையில் அவர் இல்லையென்றால், சேமிப்பைக் கையாள நீதிமன்றத்தின் வழியாக 'டெப்பியூட்டி' (அவர் சார்பில் முடிவெடுக்க நீதிமன்றம் அமர்த்தும் பொறுப்பாளர்) நியமனம் பெற வேண்டியிருக்கும். அது செலவும் காலதாமதமும் மிக்கது. ஆண்டுதோறும் கணக்கு அறிக்கையும் சமர்ப்பிக்க வேண்டும். கையாள்வதற்குக் கொடுப்பனவைத் தவிர வேறு பணம் அதிகம் இல்லாத குடும்பத்துக்கு அப்பொயின்டி நியமனமே போதுமானது.

கேள்வி: என் தந்தை தெளிவான நினைவுடன் இருக்கிறார், ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தம் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும் தம் சகோதரிக்கு அனுப்புகிறார். இது வீண்செலவு என்றும், அப்பாவின் பணத்தை இனித் தானே நிர்வகிக்க வேண்டும் என்றும் என் அண்ணன் சொல்கிறார். இது சரியா?

பதில்: சரியன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 2005ஆம் ஆண்டின் மன ஆற்றல் சட்டம், இயலாமை நிறுவப்படும் வரையில் ஒவ்வொருவரையும் முடிவெடுக்கும் ஆற்றல் உள்ளவராகவே கொள்ள வேண்டும் என்கிறது. பிறருக்கு விவேகமற்றதாகத் தோன்றும் ஒரு முடிவை எடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரை ஆற்றல் அற்றவராகக் கருதக்கூடாது என்றும் அது தெளிவாகச் சொல்கிறது. தம் சகோதரிக்கு உதவுவது உங்கள் தந்தையின் உரிமை. அண்ணன் அக்கறையினால் பேசுகிறார் என்றே எடுத்துக்கொண்டாலும், அந்த அக்கறை தந்தையின் விருப்பத்துக்கு மேலாக நிற்க முடியாது.

உங்கள் தந்தைக்கு வேண்டியது மொழி உதவி. அவர் அருகில் இருந்து தம் சம்மதத்தைத் தெரிவித்தால், அவருக்காக நீங்கள் தொலைபேசியில் பேசலாம். வங்கிக்குப் போவது சிரமமானால், அவருடைய அறிவுறுத்தலின்படி இன்னொருவர் கணக்கை இயக்க அவரே எழுத்து மூலம் அனுமதி கொடுக்கலாம். அதை அவர் விரும்பிய நேரத்தில் திரும்பப் பெறவும் முடியும். நினைவு தெளிவாக இருக்கும் இந்தக் காலத்திலேயே அவர் செய்துவைக்கத்தக்க இன்னொன்று 'லாஸ்டிங் பவர் ஒஃப் அற்றோணி' என்னும் அதிகாரப் பத்திரம். சொத்து மற்றும் நிதி தொடர்பான பத்திரத்தில் தாம் நம்பும் ஒருவரையோ பலரையோ பெயர் குறித்து, அதைப் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால், பின்னாளில் எது நேர்ந்தாலும் யார் பொறுப்பேற்பது என்பதை அவரே தீர்மானித்தவர் ஆவார். அந்தப் பெயர் உங்களுடையதா, அண்ணனுடையதா, இருவருடையதுமா என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: பாரிசவாதம் வந்தபோது என் மருமகன் எனக்கு அப்பொயின்டி ஆனார். இப்போது நான் நன்றாகத் தேறிவிட்டேன். என் பணத்தை மீண்டும் நானே பெற முடியுமா?

பதில்: முடியும். திணைக்களத்துக்குத் தொலைபேசியிலோ கடிதத்திலோ தெரிவியுங்கள். உங்கள் காரியங்களை நீங்களே நடத்த வல்லவர் என்பது தெளிவானால் அந்த நியமனம் முடிவுக்கு வரும். உங்கள் உடல்நிலை பற்றி வைத்தியர் எழுதிய கடிதம் இருந்தால் கைவசம் வைத்திருங்கள். மருமகனிடம் முதலில் பேசிப் பார்ப்பது உறவுக்கு நல்லதுதான் என்றாலும், அவருடைய சம்மதம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவர் உங்கள் பணத்தைத் தமக்காகச் செலவிட்டிருக்கிறார் என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், அதையும் திணைக்களத்திடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பகுதி நகரசபையின் முதியோர் மற்றும் வளர்ந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவிடமும் முறையிடலாம். பணத்தைக் கையாடுவதும் துன்புறுத்தலில் ஒரு வகை என்றே அவர்கள் கொள்கிறார்கள், அதை விசாரிக்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு.