திரை கேள்வி – பதில்: விபத்து அரை நிமிடம், மறைப்பதுதான் படம்

கே: ‘சூப்பர் டார்க் டைம்ஸ்’ பார்த்தேன். வகுப்பறையில் ஒரு மான் சாவதோடு படம் ஏன் தொடங்குகிறது? கதைக்கும் அதற்கும் ஒட்டே இல்லையே?

ப: ஒட்டு உண்டு. கெவின் பிலிப்ஸ் இயக்கி 2017-ல் வந்த படம் அது. பள்ளிப் பையன்களின் சண்டையில் தற்செயலாக ஒருவன் செத்துப்போக, மற்றவர்கள் அதை மறைக்கும் கதை. 1990-களின் நியூயார்க் மாநிலச் சிற்றூர்தான் களம். ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்த மான் குற்றுயிராகக் கிடக்க, அதைப் பெரியவர்கள்தான் முடித்து வைக்கிறார்கள். உயிர் போவது எவ்வளவு அசிங்கமான வேலை என்பதை அங்கேயே காட்டிவிடுகிறார்கள். பிறகு பையன்கள் பால் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போட்டு வாளால் வெட்டி விளையாடும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிறுதான் கலங்குகிறது. அந்த வாள்தான் சண்டையில் ஒருவன் கழுத்தில் இறங்குகிறது.

கே: இதே பாணியில் திரைக்கதை எழுதுகிறேன். விபத்தை எங்கே வைப்பது?

ப: 100 நிமிடப் படமென்றால் 25-லிருந்து 30-க்குள். பத்தாவது நிமிடத்தில் வைத்தால் செத்தவன் யாரென்றே தெரியாது. 45-க்குப் போனால் பார்ப்பவர் கைப்பேசியை எடுத்துவிடுவார். அதற்கு முன் ஆயுதம் ஒருமுறையாவது விளையாட்டுப் பொருளாக வந்திருக்க வேண்டும். சின்னச் சச்சரவு ஒன்றும் புகைந்துகொண்டிருக்க வேண்டும். எழுதும்போது ஒரு வேலை செய்யுங்கள்: அன்று இரவு ஒவ்வொரு பையனும் தன் அம்மாவிடம் என்ன சொன்னான் என்று தனித்தனித் தாளில் எழுதுங்கள். இரண்டு தாளுக்கும் நடுவே ஒரே ஒரு விவரம் முரண்பட்டால் போதும், மீதி 70 நிமிடத்தை அது இழுத்துப் போகும்.

கே: குறும்படத்தில் 15 வயதுப் பையனைக் கத்தியால் குத்துவதாகக் காட்சி. ஆபத்தில்லாமல் எப்படி எடுப்பது?

ப: கூர் உள்ள கத்தி படப்பிடிப்பு இடத்துக்கே வரக்கூடாது, ‘குளோசப்புக்கு மட்டும்’ என்றாலும். பளபளப்புக்கு முனை மழுங்கிய அலுமினியம், உடம்பின் பக்கம் போகும் ஷாட்டுக்கு ரப்பர். அழுத்தினால் அலகு கைப்பிடிக்குள் போய்விடும் போலிக் கத்தியைக் கழுத்துக்கு நேரே நீட்டாதீர்கள், ஸ்பிரிங் சிக்கிக்கொள்ளும். இருவருக்கும் நடுவே கை எட்டாத தூரம் இருக்கட்டும், கத்தி உடம்புக்கு வெளியே, கேமராவுக்குத் தெரியாத பக்கமாகப் போகட்டும். 85 அல்லது 135 மி.மீ. லென்ஸோடு தள்ளி நின்று எடுத்தால் இடைவெளி ஒட்டிப்போகும். ‘ஸ்டாண்ட் பை மீ’யில் (1986) பாலத்தின் மேல் பையன்களை ரயில் துரத்துவது 600 மி.மீ. லென்ஸின் வேலை, ரயில் வெகு தூரத்தில் வந்தது. ஒத்திகையைக் கால் வேகத்தில் தொடங்குங்கள், பிறகு அரை வேகம். முழு வேகம் கடைசியில்தான். ஒத்திகை பார்த்த அசைவைப் படமெடுக்கும் நேரத்தில் மாற்றவே கூடாது.

ரத்தத்துக்கு ஒரு கப் கார்ன் சிரப் (சோளப் பாகு), ஒரு தேக்கரண்டி சிவப்பு உணவு நிறம், இரண்டு சொட்டு நீலம், ஒரு தேக்கரண்டி கோகோ தூள். கோகோவை முதலில் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டி தட்டும். வெறும் சிவப்பு மட்டும் போட்டால் வெளிச்சத்தில் ஜாம் மாதிரித்தான் தெரியும். தோலில் கறை பிடிக்காமலிருக்க முன்கூட்டியே வாஸ்லின் தடவுங்கள். ஒரே மாதிரிச் சட்டை மூன்று இருந்தால் மூன்று டேக்தான், மறந்துவிடாதீர்கள்.

கே: 22 வயதுக்காரரை 15 வயதாகக் காட்டலாமா?

ப: வேண்டாம். தாடியை மழிக்கலாம், தோள் அகலத்தை என்ன செய்வீர்கள்? பீட்டர் புரூக் ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ (1963) எடுத்தபோது நடித்துப் பழகாத சிறுவர்களைத்தான் தேடிப் பிடித்தார். சிறுவர்களை எடுத்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும், காட்சி என்ன என்பது பையனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதிர்ச்சி கொடுத்து நடிப்பு வாங்குவது சோம்பேறித்தனம்.

கே: கடைசியில் நண்பர்களில் ஒருவன் கொலைகாரனாக மாறியே ஆக வேண்டுமா?

ப: தேவையில்லை. ‘சூப்பர் டார்க் டைம்ஸ்’ சறுக்குவதே அங்கேதான். ஒருவன் வில்லனான நிமிடம் மற்றவனின் குற்ற உணர்ச்சி லேசாகிவிடுகிறது. பார்ப்பவருக்கும் தப்பிக்க வழி கிடைத்துவிடுகிறது. இருவருமே சாதாரணப் பையன்களாகவே இருக்கட்டும். செத்தவன் வீட்டிலிருந்து போன் அடிக்கட்டும், எடுப்பவன் ‘நான் பார்க்கலையே, ஆன்ட்டி’ என்று சொல்லட்டும். அந்தக் குரலை வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுங்கள்.