ககாரினுக்கு முன்பே சில சோவியத் வீரர்கள் விண்வெளியில் இறந்துபோனார்கள், அதை மறைத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. ககாரினுக்கு முன்னால் விண்வெளியில் யாரும் சாகவில்லை. தரையில் ஒருவர் செத்தார், அதைத்தான் மறைத்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் பெயர்கூடத் தெரிவதில்லை. அவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

நீங்கள் ஏதோ காணொளி பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கரகரவென்று வானொலி இரைச்சல், நடுவே ஒரு பெண் ரஷ்ய மொழியில் உடம்பு எரிகிறது என்று கதறுவாள், திரையில் சிவப்பு எழுத்தில் 'மறைக்கப்பட்ட உண்மை'. அதுதானே? எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பொங்கல் வாழ்த்து தவறினாலும் தவறும், அது தவறாது.

எனக்கு இந்த விஷயத்தில் சொந்தக் கோபம் ஒன்று உண்டு. நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை மாவட்ட அளவிலான வினாடி வினாவுக்கு மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். இறுதிச் சுற்றில் கேள்வி: 'முதல் விண்வெளி வீரர் யூரி ககாரின் எந்தக் கலத்தில் பூமியில் வந்து இறங்கினார்?' எங்கள் அணியில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "வோஸ்டாக் 1இல் போனார் சார். ஆனால் அதில் இறங்கவில்லை. ஏழு கிலோமீட்டர் உயரத்திலேயே இருக்கையோடு வெளியே வந்து பாராசூட்டில் தனியாக இறங்கினார்" என்றாள். நடுவர் தலையை ஆட்டினார். தவறான பதில், ஐந்து மதிப்பெண் கழிவு. கேள்வி அடுத்த அணிக்குப் போனது. அவர்கள் 'வோஸ்டாக் 1' என்றார்கள், மணி அடித்தது, கைதட்டல். அந்த வித்தியாசத்தில்தான் கோப்பை போனது.

மேடைக்கு ஏறிப் போனேன். நடுவர் பழுப்புத்தாள் அட்டை போட்ட பழைய புத்தகம் ஒன்றைத் திறந்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். விரல் நகத்தில் சிவப்பு மை. வீரர் கலத்திலேயே பத்திரமாகத் தரையிறங்கினார் என்று அதில் அச்சாகியிருந்தது. "புத்தகத்தில் இருக்கிறது சார், நான் என்ன செய்ய?" என்றார். புத்தகத்தில் இருந்தது வாஸ்தவம். பிரச்சினையே அதுதான்.

வோஸ்டாக்கின் இறங்கு கலம் வெறும் உருண்டை, குறுக்களவு 2.3 மீட்டர். அதற்கும் பாராசூட் இருந்தது. ஆனாலும் உள்ளே ஆள் இருந்தால் எலும்பு தாங்காத வேகத்தில்தான் அது தரையில் மோதும். தரையைத் தொடும் நேரத்தில் வேகத்தைத் தணிக்கும் சிறு ராக்கெட் 1964இல் வோஸ்கோட் கலத்தில்தான் வந்தது. ஆகவே ஆளைத் தனியே வெளியேற்றுவது என்பது தொடக்கத்திலிருந்தே திட்டம். கடைசி நேரக் கோளாறு எதுவும் இல்லை. 1961 ஏப்ரல் 12 அன்று வோல்கா ஆற்றங்கரைப் பக்கம் சரத்தோவ் பகுதியில், உருளைக்கிழங்கு வயலில் பேத்தியோடு நின்ற அன்னா தக்தரோவா என்ற பெண்மணி பார்த்தது, ஆரஞ்சு நிற உடையும் வெள்ளைத் தலைக்கவசமுமாக நடந்து வந்த மனிதரை. கலம் வேறோர் இடத்தில் கிடந்தது.

பிறகு ஏன் மறைத்தார்கள்? விமான, விண்வெளிச் சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி, ஓட்டியவர் கலத்தோடு தரையிறங்க வேண்டும். இல்லாவிட்டால் சாதனை செல்லாது என்ற பயம். அதற்காக விண்ணப்பத்தில் கலத்தோடு இறங்கியதாகவே எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்துப் பறந்த டிட்டோவ் என்ற சோவியத் வீரர், தாம் பாராசூட்டில் இறங்கியதைச் சொல்லிவிட்டார். ககாரினைப் பற்றி ஒப்புக்கொள்ள 1971 ஆயிற்று. அதற்குள் விதியே மாறிவிட்டது. சாதனை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. இந்த அற்பப் பொய்க்கு அவசியமே இருக்கவில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. கீழே வரும்போது கருவிப் பகுதி சரியாகக் கழலவில்லை. ஒரு கம்பிக் கற்றை அறுபடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. வெப்பத்தில் அது எரிந்து விடுபடும்வரை ஏறக்குறைய பத்து நிமிடம் கலம் தாறுமாறாகச் சுழன்றது. ககாரின் பதறாமல் உட்கார்ந்திருந்தார். நடுவரின் புத்தகத்தில் அதுவும் இல்லை.

இனிமேல்தான் வேடிக்கை. மதியம் சாம்பார் சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதே நடுவர் சமாதானம் பேசும் முகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், ஒன்று சொல்லட்டுமா? ககாரின் முதல் ஆளே கிடையாது. அவருக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் போய்த் திரும்பவே இல்லை. ரஷ்யாக்காரன் எல்லாவற்றையும் மறைப்பான் சார்." காலையில் சோவியத் கதையை நம்பி ஒரு பெண்ணின் மதிப்பெண்ணைக் கழித்தவர் இவர்!

அவருக்கு அன்று சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் கதைகளில் பெரும்பகுதி இத்தாலியில் தூரின் நகரத்து யூதிகா-கோர்டிலியா சகோதரர்கள் இருவரிடமிருந்து வந்தது. கையில் கிடைத்த உதிரிகளைக் கொண்டு வானொலி நிலையம் அமைத்து, சோவியத் ஒலிபரப்புகளைப் பிடித்ததாகச் சொன்னவர்கள். செயற்கைக்கோள்களின் ஓசையைப் பிடித்திருக்கலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1960 நவம்பரில் பூமியை விட்டு விலகிப்போகும் கலத்திலிருந்து உதவி கேட்டு மோர்ஸ் ஒலி வந்தது என்றார்கள் பாருங்கள், அங்கே கணக்கு இடிக்கிறது. வோஸ்டாக்கின் எடை 4.7 டன். 1961 பிப்ரவரியில் வெள்ளிக் கோளை நோக்கி சோவியத் அனுப்பிய ஆளில்லாக் கலமான வெனேரா 1இன் எடை சுமார் 640 கிலோ. பூமியின் பிடியைத் தாண்டி ஆளோடு ஒரு கலத்தை அனுப்பும் ராக்கெட் அன்று யாரிடமும் இல்லை. அப்புறம் அந்தக் கதறும் பெண். அது 1961 மே மாதத்து ஒலிப்பதிவாம். சோவியத் விண்வெளிப் பயிற்சிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுத்ததே 1962இல்தான். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணான தெரஷ்கோவா பறந்தது 1963 ஜூனில்.

வதந்திக்கு முழுக்க முகாந்திரமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1961 மார்ச்சில் இரண்டு முறை, நாயோடு கூடவே இவான் இவானோவிச் என்று செல்லப்பெயர் வைத்த ஆள் உயரப் பொம்மையையும் அனுப்பினார்கள். அதே ஆரஞ்சு உடை, அதே இருக்கை, அதே பாராசூட். கண்டெடுப்பவர்கள் பிணம் என்று மிரளக்கூடாதே என்று முகத்தில் 'மாதிரி' என்று எழுதி வைத்தார்கள். வானொலியைச் சோதிக்கக் குரல் வேண்டும். ஒருவர் பேசினால் ஒட்டுக்கேட்கும் மேற்கத்தியர்கள் ஆள் போய்விட்டான் என்று நினைப்பார்கள். ஆகவே கூட்டுப்பாடல் ஒன்றையும் முட்டைக்கோஸ் சூப் செய்முறையையும் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். கேட்டவன் தலையைப் பிய்த்துக்கொள்ளாமல் என்ன செய்வான்?

இப்போது அந்த ஒருவர். வலந்தீன் போண்டரென்கோ, வயது 24, சோவியத் விண்வெளிப் பயிற்சிக்கு முதலில் தேர்ந்தெடுத்த இருபது பேரில் மிக இளையவர். தனியறைச் சோதனையில் பத்தாம் நாள். உள்ளே காற்றழுத்தம் குறைவு, ஆக்சிஜன் மிக அதிகம். உடம்பில் ஒட்டியிருந்த மருத்துவக் கருவிகளைக் கழற்றி, அந்த இடத்தை ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, பஞ்சைப் பார்க்காமல் எறிந்தார். அது மின்சார அடுப்பின் மேல் விழுந்தது. ஆக்சிஜனில் எல்லாம் பற்றிக்கொண்டது. அழுத்த வேறுபாட்டால் கதவை உடனே திறக்க முடியவில்லை. 1961 மார்ச் 23. மருத்துவமனையில் சில மணி நேரம் உயிர் இருந்தது. ககாரின் பறந்தது அதற்கு மூன்று வாரத்துக்குள். இந்தச் சாவை நாட்டு மக்களுக்கே 1986இல்தான் சொன்னார்கள். முன்பே சொல்லியிருந்தால் 1967 ஜனவரியில் அமெரிக்காவின் அப்போலோ 1 கலத்தில் பற்றிய தீயில் மூவர் மாண்டிருக்க மாட்டார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. ஆக்சிஜன் அறைத் தீவிபத்துகள் அமெரிக்காவிலேயே அதற்கு முன் நடந்தவைதான்.

இன்னொன்றும் செய்தார்கள். ககாரினுக்கு இரண்டாவது மாற்றாக இருந்த நெல்யூபவ், குடித்துவிட்டு ராணுவக் காவலர்களோடு தகராறு செய்ததில் 1963இல் நீக்கப்பட்டார். பிறகு குழுப் படத்திலிருந்தும் அவரைத் துடைத்துவிட்டு அச்சிட்டார்கள். பழைய படத்தில் இருக்கிறார், புதியதில் இல்லை. பார்ப்பவன் 'ஆளைக் கொன்றுவிட்டார்கள்' என்று சொல்லத்தானே செய்வான்? அவர் 1966இல் ரயிலில் அடிபட்டு இறந்தார்.

சோவியத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். எந்தக் கட்சியிலும் நான் சந்தா கட்டியதில்லை. மறைத்ததை மறைத்தார்கள் என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வினாடி வினா என்றதும் இன்னொரு வயிற்றெரிச்சல் நினைவுக்கு வருகிறது. அன்றைய பயணப்படிக்கு நான் கொடுத்த பில் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. பஸ் டிக்கெட் இணைக்கவில்லையாம். இணைத்திருந்தேன்! மெஷினில் வரும் அந்த டிக்கெட்டில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகிவிட்டது. வெள்ளைத்தாள் செல்லாது என்றார் எழுத்தர். மாணவர்களுக்கு என் கைக்காசில் வாங்கிக்கொடுத்த டிக்கெட்டுகளுக்கும் அதே கதி. ஓய்வு பெறும் நாள்வரை அந்தப் பணம் வரவில்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் ஒருவர், விளாதிமிர் இல்யூஷின்தான் முதலில் பறந்தார், அவரைத் தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். அவர் விமான வடிவமைப்பாளர் இல்யூஷினின் மகன், சோதனை விமானி. கார் விபத்தில் அடிபட்டு, ககாரின் பறந்த நேரத்தில் சீனாவில் சிகிச்சையில் இருந்தார். பிறகு பல ஆண்டுகள் சுகோய் போர்விமானங்களைச் சோதித்துப் பறந்தார். 2010இல் காலமானார், வயது 82.