மலை நடைக்கு சொந்தமா ஒரு கைடு எழுதி, படமும் நாமளே வரையணும்னா எப்படி ஆரம்பிக்கிறது?

இதை யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்ற பேரு ஆல்ஃப்ரெட் வெயின்ரைட். இங்கிலாந்துல மலையும் ஏரியுமா இருக்கிற லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் கெண்டல்னு ஒரு ஊர், அங்க முனிசிபாலிட்டி கணக்கு ஆபீஸ்ல வேலை, கார் கிடையாது, லீவு நாள்ல பஸ்ஸப் புடிச்சுப் போய் மலை ஏறிட்டு வந்து ராத்திரி உக்காந்து வரைவார். அந்த மலைகளுக்கு நடை கைடு எழுத 1952ல ஆரம்பிச்சு 1966ல முடிச்சார், 7 புத்தகம், 214 மலை, எழுத்து மேப் படம் எல்லாமே பேனாவும் இங்க்குமா அவர் கையால போட்டது, அந்தப் பக்கத்த அப்படியே அச்சடிச்சாங்க. நூறு பக்கம் போல முடிச்சப்புறம் வரியெல்லாம் வலது ஓரத்துல நேரா முடியலன்னு அத்தனையையும் தூக்கிப் போட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து எழுதினார்!

கையெழுத்து அழகப் பத்தி எல்லாரும் பேசுவாங்க, எனக்கு அதவிடப் பெருசாப் படறது அவர் அடுக்கின விதம். ரூட் ரூட்டாப் போடாம மலை மலையாப் பிரிச்சார். ஒரு மலைய எடுத்தா எந்தெந்தப் பக்கமா ஏறலாம், உச்சில என்ன இருக்கு, பக்கத்து மலைக்கு ரிட்ஜ், அதாவது முகடு, மேலயே எப்படிப் போறது, சுத்தி என்ன தெரியும், எல்லாம் ஒரே இடத்துல இருக்கும், நம்ம ரூட்ட நாமளே போட்டுக்கலாம்.

ஏறுற வழிக்குப் போடுற படம்தான் எனக்கு உசுரு. பக்கத்தோட அடியில அது மேப்பு, ஓடை, கல் சுவர், வழி எல்லாம் மேலேர்ந்து பாக்குற மாதிரி, மேல போகப் போக அப்படியே நிமிந்து காட்சியா மாறி உச்சி கண்ணு முன்னாடி வந்து நிக்கும். கீழ எந்த சுவர்கிட்ட திரும்பணும், மேல எந்தப் பாறை எது, ரெண்டும் ஒரே படத்துல கிடைச்சிடுது. அவரும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டுதான் வரைஞ்சார், ஆனா நடக்கிறவங்களுக்குத் தேவையில்லாதத விட்ருவார், போட்டோவுக்கு அது தெரியாதே.

நீங்க ஒரே ஒரு மலைய எடுங்க, எல்லாப் பக்கமும் ஏறி இறங்குங்க. அளவு சரியா வர சர்வே மேப் வச்சுக்குங்க, அவரும் பிரிட்டன் அரசாங்கத்தோட ஆர்டனன்ஸ் சர்வே மேப்பத்தான் வச்சிருந்தார். வழி பிரியற இடம், தண்ணி, மூடுபனில திசை தப்புற இடம் இதெல்லாம் அங்கயே நின்னு நோட்ல குறிங்க. பிடிக்காத மலைன்னா அதையும் எழுதுங்க, மங்ரிஸ்டேல் காமன் சுவாரஸ்யமே இல்லாத இடம்னு அவரே வெளிப்படையா எழுதினார், வெறும் 597 மீட்டர் இருக்கிற ஹேஸ்டாக்ஸ்தான் அவருக்கு செல்லம்.

வழி மாறிக்கிட்டே இருக்கும். அவரோட புத்தகங்களையே பிற்பாடு கிறிஸ் ஜெஸ்டி எல்லா வழியும் நடந்து பாத்துத் திருத்தினார், 2005லேர்ந்து அந்தப் பதிப்பு வர ஆரம்பிச்சுது. அதனால ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எந்த வருஷம் நடந்து பாத்ததுன்னு போட்டுருங்க.