வாலண்டியராக நின்ற நாட்களுக்கு மதிப்பு உண்டா?

போட்டி முடிந்தால் வீரருக்குப் பதக்கம். வாலண்டியருக்கு ஒரு டி-ஷர்ட், ஒரு தொப்பி, ஒரு சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு மேற்படிப்புக்கோ வேலைக்கோ என்ன செய்ய முடியும் என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை அதிகம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2022-ல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் வாலண்டியராக இருந்தேன். இப்போது இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடுகிறேன். ரெஸ்யூமேயின் கடைசியில் "வாலண்டியர், செஸ் ஒலிம்பியாட்" என்று போட்டிருக்கிறேன். எந்த இன்டர்வியூவிலும் யாரும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஏன் சார்?

பதில்: கேட்க மாட்டார்கள். அந்த வரியில் கேட்பதற்கு எதுவும் இல்லையே! விமான நிலையத்தில் வரவேற்றவரும் வாலண்டியர்தான், அரங்கத்துக்குள் சத்தம் போடாமல் நின்றவரும் வாலண்டியர்தான், பஸ் பட்டியலோடு ஓடியவரும் வாலண்டியர்தான். இதில் நீங்கள் யார்?

180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளை ஹோட்டல் ஹோட்டலாகத் தங்கவைத்து, மதியம் 3 மணி ஆட்டத்துக்குள் அரங்கத்தில் உட்காரவைத்த விழா அது. அதில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். பஸ்ஸில் ஏற்றிவிடும் பொறுப்பு என்றால் எத்தனை அணி, எத்தனை நாள், யாருக்குக் கீழே வேலை பார்த்தீர்கள், பஸ் வராத நாளில் என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் இரண்டு வரியில் அடங்கிவிடும். "குழுவாகப் பணியாற்றும் திறன், தலைமைப் பண்பு" என்றெல்லாம் போடாதீர்கள். அதைப் போடாத ரெஸ்யூமே ஊரிலேயே கிடையாது. பஸ் வராத கதை உங்களிடம் மட்டும்தான் இருக்கும். இன்டர்வியூ எடுப்பவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

ஆபரேஷன்ஸ், கஸ்டமர் சப்போர்ட், கோஆர்டினேட்டர் மாதிரி வேலை என்றால் இதை ரெஸ்யூமேயின் மேல்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். முழுக்கக் கோடிங் வேலை என்றால் கீழேயே இருக்கட்டும், அங்கே உங்கள் புராஜெக்ட்தான் பேச வேண்டும். இன்னொன்று: சம்பளமில்லாத தன்னார்வப் பணி என்பதை மறைத்து "ஈவன்ட் எக்ஸிக்யூட்டிவ்" என்று பெயர் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் மற்ற வரிகள் மேலும் சந்தேகம் வரும்.

கேள்வி: என் மகள் இரண்டு மாநில அளவிலான தடகளப் போட்டிகளில் வாலண்டியராக இருந்திருக்கிறாள். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு இந்தச் சான்றிதழ்கள் செல்லுமா?

பதில்: செல்லாது. அந்தக் கோட்டாவில் உள்ள 500 இடங்களும் களத்தில் விளையாடியவர்களுக்கு. தமிழ்நாடு அரசு வேலையில் உள்ள 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடும் அப்படித்தான். "வாங்கிக் கொடுக்கிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் நடந்த தடகளப் போட்டியில் மூன்று நாள் கால் ரூமில் (Call Room, களத்துக்கு அனுப்பும் முன் வீரர்களைச் சரிபார்க்கும் அறை) நின்றேன். இதற்குக் கல்லூரியில் கிரெடிட் கிடைக்குமா?

பதில்: நின்ற பிறகு கேட்கிறீர்கள், அதுதான் சிக்கல். தேசியக் கிரெடிட் கட்டமைப்பு 30 மணி நேரக் கற்றலை 1 கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. ஆனால் வெறுமனே மணி நேரத்தைக் காட்டினால் போதாது, கற்றதை யாராவது மதிப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் கல்லூரியின் பாடத்திட்டத்தில் அதற்கு இடமும் இருக்க வேண்டும்.

எளிய வழி என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம். ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, கூடவே 7 நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. அடுத்த போட்டிக்குப் போவதற்கு முன்பே திட்ட அலுவலரிடம் பேசி, இந்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பாரா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அப்புறம் போய் நின்றால் பெரும்பாலும் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.

கிரெடிட் கிடைக்காவிட்டாலும் கால் ரூம் அனுபவத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓடுகிறவரின் பிப் நம்பர் (சட்டையில் குத்தியிருக்கும் எண்) பட்டியலோடு பொருந்துகிறதா, ஷூவின் ஸ்பைக் 9 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா (உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டி எறிதலுக்கும் 12), பைக்குள் செல்போன் இருக்கிறதா என்று பார்த்து, குறித்த நிமிடத்தில் வரிசையாகக் களத்துக்கு அனுப்ப வேண்டும். பதற்றத்தில் இருக்கும் வீரரிடமும் கத்துகிற கோச்சிடமும் விதியை எடுத்துச் சொல்லி, குரலை உயர்த்தாமல் நிற்க வேண்டும். மருத்துவமனை வரவேற்பிலும் விமான நிலையச் செக்-இன் கவுன்ட்டரிலும் இதே திறமைக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

கேள்வி: அண்ணா, நான் பிளஸ் டூ வரை படித்தவன். எங்கள் ஊரில் பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டியைச் சில வருடமாக நான்தான் முன்னின்று நடத்துகிறேன். சான்றிதழ் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: இந்தக் கடிதங்களிலேயே கையில் அதிகச் சரக்கு உள்ளவர் நீங்கள்தான் தம்பி. நீங்கள் செய்வதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நோட்டீஸ் அடிப்பது, வசூல், காவல் நிலைய அனுமதி, மைக்செட், லைட், நடுவர்களுக்குப் படி, காயம்பட்டால் வண்டி, கடைசியில் கணக்கு ஒப்படைப்பது. அப்புறம் ஃபிக்ஸ்சர், அதாவது எந்த அணி யாரோடு எப்போது ஆடும் என்ற பட்டியல். 46 அணி பதிவு செய்தால் நாக்-அவுட்டில் 18 அணிக்கு 'பை' (முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது), மொத்தம் 45 ஆட்டம். ஆட்டத்துக்கு அரை மணி என்று வைத்தாலும் ஒரே களத்தில் இருபத்திரண்டரை மணி நேரம். இரண்டு களம் போடலாமா, நடுவர் போதுமா, வெளியூர் அணியை எப்போது ஆடவைத்தால் கடைசி பஸ் பிடிக்கும் என்றெல்லாம் நீங்கள் மனக்கணக்காகப் போடுவதைத்தான் நிகழ்ச்சி நடத்தும் கம்பெனிகளில் திட்டமிடல் என்று சொல்லி ஆள் எடுக்கிறார்கள்.

ஆனால் அதை நம்புவதற்கு அவர்களுக்கு ஏதாவது ஆதாரம் வேண்டுமே. எனவே பழைய நோட்டீஸ்கள், ஃபிக்ஸ்சர் எழுதிய தாள், வரவு செலவு நோட்டு, அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரே ஃபைலில் போடுங்கள். ஊராட்சித் தலைவரோ பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரோ ஒரு கடிதம் தரட்டும். "நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. எத்தனை அணி, எவ்வளவு தொகையைக் கையாண்டார், எந்த ஆண்டிலிருந்து என்று இருக்க வேண்டும்.

முறையான சான்றிதழுக்கு இரண்டு வழி சொல்கிறேன். முதலாவது, மாவட்டக் கபடிக் கழகத்தில் நடுவர் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். ஒரு ஆட்டத்துக்கு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஸ்கோரர், இரண்டு உதவி ஸ்கோரர் என்று ஆறு பேர் வேண்டும், ஆள் தேவை எப்போதும் இருக்கும். இரண்டாவது, மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஆர்.பி.எல். என்று ஒன்று உண்டு. ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துப் பார்த்துச் சான்று தருவது. விளையாட்டு, ஃபிட்னஸ் துறைக்கென்று தனித் திறன் கவுன்சில் இருக்கிறது. எந்தப் பணிக்கு இப்போது மதிப்பீடு நடக்கிறது என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மேலே படிக்கும் எண்ணம் இருந்தால் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளைப் பாருங்கள்.

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய மாரத்தானில் அதிகாலையிலிருந்து தண்ணீர் ஸ்டாலில் நின்றோம். சான்றிதழ் மெயிலில் வரும் என்றார்கள், மாதங்கள் ஆகியும் வரவில்லை.

பதில்: தேதி, ஸ்டால் நின்ற இடம், உங்கள் பொறுப்பாளர் பெயர் மூன்றையும் போட்டு ஒரு மெயில் அனுப்புங்கள். கூடவே அந்தப் பொறுப்பாளருக்குத் தனியாக ஒரு மெசேஜ்: "நான் இந்த நாள் இந்த வேலை செய்தேன் என்று இரண்டு வரி எழுதித் தர முடியுமா?" பெரும்பாலும் மனிதர்கள் தந்துவிடுவார்கள், அலுவலகம்தான் இழுக்கும். அடையாள அட்டை, வாட்ஸ்அப் குழுவில் வந்த டியூட்டி பட்டியல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். லாபத்துக்கு நடக்கும் நிகழ்ச்சியில் நாள் கணக்காகச் சம்பளமில்லாமல் வேலை வாங்கிவிட்டு, "எக்ஸ்போஷர் கிடைக்கும் தம்பி" என்பது எனக்குப் பிடிப்பதில்லை. சாப்பாடு, போக்குவரத்து, அடிபட்டால் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் போகாதீர்கள்.

கேள்வி: மகளைச் செஸ் போட்டிகளுக்கு அழைத்துப் போய், வெளியே சும்மா உட்காராமல் போர்டு அடுக்குவது, ரிசல்ட் சீட்டு வாங்குவது என்று உதவி செய்து பழகிவிட்டேன். நான் இல்லத்தரசி. இதில் மேலே போக வழி உண்டா?

பதில்: நன்றாகவே உண்டு. ஆர்பிட்டர், அதாவது செஸ் நடுவர் ஆகலாம், அதற்கு நீங்கள் பெரிய ஆட்டக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. தேசிய அளவிலான ஆர்பிட்டர் தேர்வு முதல் படி. அதன் பிறகு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ஃபிடே ஆர்பிட்டர், சர்வதேச ஆர்பிட்டர் பட்டங்கள். ஃபிடே பட்டத்துக்குக் கருத்தரங்கில் தேறுவதோடு, போட்டிகளில் பணியாற்றி நார்ம் (பட்டத்துக்குக் கணக்கில் வரும் பணிச் சான்று) சேர்க்க வேண்டும். இப்போதே ஃபிடே விதிகளை எடுத்துப் படிக்க ஆரம்பியுங்கள். தொட்ட காயையே நகர்த்த வேண்டும் என்ற விதியில்தான் குழந்தைகள் போட்டியில் பாதிச் சண்டை வரும்.

கேள்வி: டொரொன்டோவில் வசிக்கிறோம். மகன் 10-ம் வகுப்பு. தமிழ் விளையாட்டுக் கழகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பயிற்சியில் உதவுகிறான். பள்ளியின் 40 மணி நேரத்தில் இது சேருமா?

பதில்: ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமாவுக்கு 40 மணி நேரச் சமூகப் பணி கட்டாயம். சிறுவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சியில் உதவுவது பொதுவாக ஏற்கப்படும் வகைதான். அவனுக்குப் பணம் தரக் கூடாது, வகுப்பு நேரத்தில் செய்ததாகவும் இருக்கக் கூடாது. உங்கள் பள்ளி வாரியத்தின் பட்டியலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். படிவத்தில் கழகப் பொறுப்பாளரின் கையெழுத்தை ஒவ்வொரு சீசன் முடிவிலும் வாங்கிவிடுங்கள். 12-ம் வகுப்பில் போய்த் தேடினால் அந்தப் பயிற்சியாளர் வேறு ஊருக்கு மாறியிருக்கலாம்.